நீ எப்படியும் செய்திருப்பாய்

பான், ஜெர்மனி
20 பிப்ரவரி 2005

அன்புத் தங்கை வசந்திக்கு,

நானும் உன் மதினி கீதாஞ்சலியும் பிரியங்காவும் சௌக்கியம். மின்னஞ்சலில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினால் திட்டுவதுபோல இருக்கிறது என்று நீ சொன்னதால் பேனா தேடிப் பிடித்து எழுதுகிறேன். கையெழுத்தைக் கேலி செய்யாதே.

விஷயத்துக்கு வருகிறேன். பூமி சூடாவதைக் குறைப்பதற்கான க்யோட்டோ ஒப்பந்தம் இந்த வாரம் அமலுக்கு வந்துவிட்டது. பணக்கார நாடுகள் தங்கள் புகையை ஓர் அளவுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவைத் தாண்டுகிற கம்பெனிக்கு ஒரு வழி இருக்கிறது. நம்மைப் போன்ற நாட்டில் யாராவது புகையைக் குறைத்தால் அந்தக் குறைவுக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதை விலைக்கு வாங்கி இவர்கள் தங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட திட்டங்களைத் தயார் செய்வதுதான் என் ஆபீஸ் வேலை.

கிடர்பூரில் இருக்கும் லாண்டரி, சாயப்பட்டறை பாய்லர்களையெல்லாம் கரியிலிருந்து உமிக்கு மாற்றி, ஒரே திட்டமாகக் கட்டி விற்கலாம் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். சம்மதித்துவிட்டார். உமிப் புகை, நெல் வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதான் என்பதால் கணக்கில் சேராது. அப்பா ஆரம்பித்த நம் லாண்டரியைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். புது பாய்லர் விலையில் பாதிக்கு மேல் இந்தப் பணத்திலேயே வந்துவிடும். பக்கத்தில் யார் யார் சேருவார்கள் என்று விசாரித்து எழுது.

அம்மாவுக்கு இழுப்பு எப்படி இருக்கிறது? இந்த வருஷமும் வர முடியாது போலிருக்கிறது. நீ எப்படியும் பார்த்துக்கொள்வாய் என்பதால்தான் எனக்கு இங்கே தூக்கம் வருகிறது.

உன் அண்ணன்,
உத்தமன்


கிடர்பூர், கொல்கத்தா
14 மார்ச் 2005

அன்புள்ள அண்ணனுக்கு வசந்தி எழுதுவது.

அம்மாவின் மூச்சைத் தவிர இங்கே எல்லாம் நலம். உங்கள் கையெழுத்தை பாய்லர் பார்க்கும் மாரியப்பனிடம் காட்டினேன். "அண்ணன் டாக்டருக்கா படிச்சாக?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் கேலி செய்ய என்ன இருக்கிறது?

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நம்ம பொகைய வெலைக்கு வாங்குதானுவளா? எதுக்காம், ஊறுகா போடவா?" என்றாள். விளக்கிச் சொன்னேன். "அப்பம் அவன் வீட்டு அடுப்பு எரியட்டும், நம்ம அடுப்ப அணைக்கணும். நல்லாருக்குடி ஞாயம்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கும் அதே சந்தேகம்தான். நூறு வருஷமாகப் புகை விட்டவர்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இன்னும் விடுவார்கள். நேற்று பாய்லர் வைத்த நாம் குறைக்க வேண்டும். எம்.காம். படித்தவள் என்ற முறையில் கேட்கிறேன், இது எந்த ஊர் வியாபாரம்? ஆனாலும் சேருகிறேன். கப்பல்காரர்களின் வெள்ளை மேஜை விரிப்பை வெளுத்து மாடியில் காயப்போட்டால் நம் பாய்லர் கரியே வந்து உட்காருகிறது. மறுபடி வெளுக்கிறோம். துணிக்கே இந்தக் கதி என்றால், அதே மாடியில் படுத்திருப்பவளின் நெஞ்சு என்ன ஆகும்? டாக்டர் பானர்ஜி நேராகவே சொல்லிவிட்டார், கரியை நிறுத்து, இல்லையென்றால் அம்மாவை வேறு இடத்தில் வை என்று. அம்மா கிடர்பூரை விட்டு அசைய மாட்டாள்.

சந்துக் கோடியில் லாண்டரி வைத்திருக்கும் சண்முகம் அண்ணாச்சியும் சேருகிறார். நம் தூத்துக்குடிக்காரர்தானே, விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்து மெட்டியாப்ரூஸ் சாயப்பட்டறைக்காரர்களிடமும் பேசி வைத்திருக்கிறேன்.

என் கல்யாணப் பேச்சை அம்மா விட்டுவிட்டாள். "பாய்லர்தான் ஒனக்கு மாப்பிள்ளை, அதையாவது நல்லதாப் பாத்து முடி" என்கிறாள்.

தங்கை,
வசந்தி


பான்
2 ஜூலை 2005

அன்புத் தங்கைக்கு,

நீ ஆள் சேர்த்த வேகத்தைப் பார்த்து ஆபீஸில் எல்லோரும் அசந்துவிட்டார்கள். கொல்கத்தாவில் இத்தனை சுறுசுறுப்பா என்று கேட்டார்கள். தூத்துக்குடி ரத்தம் என்றேன். அவர்களுக்கு அது ஒரு மண்ணும் விளங்கவில்லை.

செப்டம்பரில் ஓர் ஆடிட்டர் அங்கே வருவார். அவர் எங்கள் ஆபீஸ் இல்லை, வெளியாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பாய்லரைப் பார்ப்பார், கரி பில்லைப் பார்ப்பார், சில கேள்விகள் கேட்பார். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித்தரக் கூடாது. உண்மையைச் சொன்னால் போதும்.

நீ கேட்ட நியாயம் பற்றி. இந்த வியாபாரம் முழு நியாயம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் புகைக்கு எல்லை கிடையாது, அது கிடர்பூரில் குறைந்தாலும் பானில் குறைந்தாலும் வானத்துக்கு ஒன்றுதான். எங்கே குறைந்த செலவில் குறைக்க முடியுமோ அங்கே குறைத்து, வசதி உள்ளவன் அதற்குப் பணம் கொடுப்பதில் என்ன தப்பு? காசு பெயராத நியாயத்தைவிடக் காசு பெயரும் அரை நியாயம் மேல்.

உத்தமன்


கிடர்பூர்
23 செப்டம்பர் 2005

அன்புள்ள அண்ணனுக்கு,

துர்கா பூஜைக்குப் பந்தல் கட்டுகிறோம் என்று பேட்டைப் பையன்கள் நம் சந்து முழுவதையும் அடைத்துவிட்டார்கள். உங்கள் ஆடிட்டர் மூங்கிலுக்கு அடியில் குனிந்துதான் வந்தார். நல்ல மனிதர். வெள்ளை சட்டையோடு பாய்லருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கிளம்பும்போது அந்தச் சட்டையை நானே வெளுத்துக் கொடுத்தனுப்பினேன்.

அண்ணாச்சி கடைக்கு முதலில் போனார், நான் கூடப் போனேன். எல்லாம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் அழுத்திக் கேட்டார். இந்தப் பணம் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் பாய்லரை மாற்றுவீர்களா? அண்ணாச்சி என்னைப் பார்த்து, "வெள்ளக்காரன் என்ன கிறுக்கன் மாதிரி கேக்காரு? பணம் வராட்டா நான் ஏன் மாத்துதேன்? கடைசிக் கரி தீருத வரைக்கும் இதுதான்னு சொல்லு தாயி" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கொஞ்சம் மெருகு போட்டுத்தான் மொழிபெயர்த்தேன்.

அப்புறம் நம் லாண்டரி. டீ குடித்துக்கொண்டே அதே கேள்வியை என்னிடம் கேட்டார். அந்த நேரம் பார்த்து மேலே அம்மா இருமினாள். அவர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். வந்த விருந்தாளி முன்னால் உட்கார்ந்துகொண்டு, பணம் கொடுத்தால்தான் என் அம்மாவை மூச்சு விட வைப்பேன் என்று யார் சொல்வார்கள்? "எப்படியும் மாற்றியிருப்பேன் சார், பணம் வந்தால் கொஞ்சம் சுளுவு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். நல்ல பதில் சொன்னதாகத்தான் பட்டது.

புது பாய்லருக்கு முன்பணம் கட்டிவிட்டேன். இனி உங்கள் கையில்.

வசந்தி


பான்
30 அக்டோபர் 2005

வசந்தி,

உண்மையைச் சொல் என்றேன். அதற்காக இவ்வளவு உண்மையா?

நம் லாண்டரி திட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மற்ற எல்லோரும் இருக்கிறார்கள், அண்ணாச்சி உட்பட. ஆடிட்டர் எழுதியிருப்பது ஒரே வரி: உரிமையாளர் இதை எப்படியும் செய்திருப்பார்.

கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் விதி ஏன் அப்படி என்று சொல்லிவிடுகிறேன். உன் சான்றிதழை வாங்குகிறவன் அதைக் காட்டி இங்கே ஒரு பங்கு புகை கூடுதலாக விடுவான். அவன் கொடுத்த பணத்தால் அங்கே ஒரு பங்கு குறைந்திருந்தால் கணக்கு நேராகும். பணம் இல்லாமலே நீ குறைத்திருப்பாய் என்றால், அவன் பணத்தால் அங்கே ஒன்றும் மாறவில்லை. இங்கே புகை கூடியது மட்டும்தான் மிச்சம். அதனால் பணம் வந்ததால் மட்டுமே நடக்கிற காரியத்துக்குத்தான் பணம். எப்படியும் நடக்கிற காரியத்துக்குக் கிடையாது.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. கேள்வி சரியாகப் புரியவில்லை, இங்கிலீஷ் தகராறு என்று ஒரு கடிதம் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன்.

உத்தமன்


கிடர்பூர்
8 ஜனவரி 2006

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பாங்கில் கடனுக்கு அலைந்துகொண்டிருந்தேன்.

கையெழுத்து போட மாட்டேன். கல்கத்தா யூனிவர்சிட்டியில் எம்.காம். வாங்கியவளுக்கு ஒரு கேள்வி புரியவில்லை என்றால் அப்பா படத்திலிருந்து இறங்கி வந்துவிடுவார். கேள்வி புரிந்தது. பதிலும் அதுதான்.

உங்கள் விதியை நான் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். கணக்கு சரி. அதில் ஓட்டை இல்லை. சரியான கணக்கெல்லாம் ஏன் என் தலையிலேயே விடிகிறது என்பதுதான் தெரியவில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று அம்மா சொல்வாள். அழாத பிள்ளைக்கு என்ன என்று அந்தப் பழமொழியில் இல்லை.

உமி பாய்லர் வந்துவிட்டது. பர்தமான் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து உமிக் கட்டி லாரியில் வருகிறது. மாரியப்பன் முதல் நாள், "இது மாட்டுக்குப் போடுததா, அடுப்புக்குப் போடுததா?" என்றார். இப்போது அதோடு பேசுகிறார். அம்மா இந்தக் குளிரில் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ராத்திரி படுத்துத் தூங்குகிறாள், உட்கார்ந்து இல்லை. அது ஒன்று போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வசந்தி


கிடர்பூர்
11 பிப்ரவரி 2007

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரியங்காவின் பிறந்தநாள் போட்டோ வந்தது. அம்மா அதைப் பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். முருகனுக்குத்தான் இடம் குறைவு.

சான்றிதழ்ப் பணம் எல்லோருக்கும் வந்துவிட்டது. அண்ணாச்சி அதில் புது இஸ்திரி மெஷின் வாங்கியிருக்கிறார். அவருக்குக் கடன் இல்லை, வட்டி இல்லை. ரேட்டைக் குறைத்துவிட்டார். நான் அவர் ரேட்டுக்கு வெளுத்தால் பாங்குக்குக் கட்ட ஒன்றும் மிஞ்சாது. நம் கப்பல் ஏஜென்ட்கள் ஒவ்வொருவராக அவரிடம் போய்விட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அண்ணாச்சியே வந்து, "தாயி, ஒன் வாய்தான் ஒனக்கு வென. மனசுல இருக்கதெல்லாம் வெளியூர்க்காரன்ட்ட சொல்லலாமா?" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கடைசிவரை கரி எரிப்பேன் என்றவர் உங்கள் உலகத்தைக் காப்பாற்றியவர். நான் சும்மா பாய்லர் மாற்றியவள். எனக்குக் கோபம் இருக்கிறது அண்ணா. யார்மேல் என்று தெரியாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

வசந்தி


பான்
18 மார்ச் 2007

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாக மேஜைமேல் கிடந்தது. ஆபீஸில் இதைப் பேசினேன். முதலில் நல்லது செய்தவன் நஷ்டப்படுகிறான், இது விதியில் இருக்கும் கோளாறு என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். கட்டுரைகூட எழுதியிருக்கிறார்கள். ஆனால் விதியைத் தளர்த்தினால் ஊரில் இருக்கிறவனெல்லாம் எப்போதோ செய்ததற்குப் பணம் கேட்பான், புகை குறையாது. வேறு வழி யாருக்கும் தெரியவில்லை.

மாதாமாதம் நான் ஏதாவது அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. லாண்டரியை மூடத்தான் வேண்டும் என்றால் மூடிவிடு. அம்மாவை இங்கே கூட்டி வரலாம் என்றால் இந்தக் குளிர் அவளுக்கு ஆகாது. நானும் இந்த வருஷம் பாலித் தீவு மாநாட்டுக்குத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது, வர முடியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம். எது எப்படி ஆனாலும் அம்மாவை நீ எப்படியும் பார்த்துக்கொள்வாய். அந்தத் தைரியம் எனக்கு இருக்கிறது.

உத்தமன்


கிடர்பூர்
15 ஏப்ரல் 2007

அன்புள்ள அண்ணனுக்கு,

பணம் அனுப்ப வேண்டாம். நேற்று வருஷப் பிறப்புக்குப் பாயசம் வைத்தேன், இன்று வங்காளி வருஷப் பிறப்பு, எதிர்வீட்டு மாஷிமா சந்தேஷ் இனிப்பு கொடுத்தனுப்பினாள். இரண்டையும் சாப்பிட்டுவிட்டுத் தெளிவாக எழுதுகிறேன்.

லாண்டரியை மூடுகிறேன். உமி பாய்லரை அண்ணாச்சி தன் இரண்டாவது ஷெட்டுக்கு வாங்கிக்கொள்கிறார், மாரியப்பனையும் சேர்த்துத்தான். பாங்குக் கடன் அதில் தீர்ந்துவிடும். விசாகப்பட்டினத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லாண்டரிப் பிரிவைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. அவள் அசைய மாட்டாள் என்பது ஒரு காரணம். இரண்டு நாள் உட்கார்ந்து பேசினால் அசைந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். பேசவில்லை.

உங்கள் மூன்று வருஷக் கடிதங்களையும் எடுத்து வாசித்தேன். ஆடிட்டர் என்னைப் பற்றி எழுதிய வரியை, அவருக்கு முன்பே நீங்கள் எழுதிவிட்டீர்கள். வசந்தி எப்படியும் பார்த்துக்கொள்வாள். அதனால் யாருக்கும் வர வேண்டியதில்லை. உங்கள் கணக்கு இங்கேயும் சரிதான். நான் இருக்கும்வரை நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அம்மாவுக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. அதனால்தான் நான் இல்லாமல் போகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "போடி, போய்ட்டு வா. அவன் வாரானா பாப்பம்" என்றாள். அப்புறம் ராத்திரி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அதை உங்களிடம் மறைப்பதாக இல்லை.

என்னிடம் கேட்ட கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். நான் போகாமல் இருந்தால் நீங்கள் வந்திருப்பீர்களா? யாரும் சொல்லித்தராத பதிலாக இருக்கட்டும்.

வசந்தி


பான்
6 மே 2007

வசந்தி,

முதலில் வேறு ஒரு கடிதம் எழுதினேன். எப்படியும் வந்திருப்பேன், அடுத்த வருஷம் வருவதாகத்தானே இருந்தேன் என்று இரண்டு பக்கம். கீதாஞ்சலியிடம் வாசித்துக் காட்டினேன். "ஆடிட்டர் நம்புவாரா?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டுவிட்டேன்.

வந்திருக்க மாட்டேன். அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று அம்மாவின் காரியத்துக்குத்தான் வந்திருப்பேன். நீ போகிறாய் என்பதால்தான் வருகிறேன்.

சம்பளமில்லாமல் ஆறு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பாலி மாநாட்டுக்கு வேறு ஆள் போகிறார். கீதாஞ்சலியும் பிரியங்காவும் பள்ளிக்கூடம் முடிந்ததும் வருவார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன என்று எனக்கு இப்போது தெரியாது. ஜூன் முதல் தேதி காலையில் வந்து சேர்கிறேன். அதற்கு முன்னால் டிக்கெட் கிடைக்கவில்லை. நீ அதற்கு முந்தின நாளே ரயில் ஏற வேண்டியிருக்கும், பார்க்க முடியாது. நீ திட்டுவதை நேரில் கேட்டிருக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மாவுக்கு இழுப்பு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. எழுதி வைத்துவிட்டுப் போ.

உத்தமன்


கிடர்பூர்
30 மே 2007

அண்ணா,

இழுப்பு வந்தால் படுக்க விடாதீர்கள். உட்கார வைத்து முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை கொடுங்கள், மூன்றாவதை மடியில் வைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்வாள். ஜன்னலைத் திறங்கள், துறைமுகப் பக்கத்து ஜன்னலை அல்ல, சந்துப் பக்கம் இருப்பதை. நீல நிற பம்ப் தலையணைக்கு அடியில் இருக்கும். வேண்டாம் என்று அடம் பிடிப்பாள். "அப்பாட்ட சொல்லிருவேன்" என்று சொன்னால் சிரித்துவிட்டு எடுத்துக்கொள்வாள். அப்படியும் அடங்காவிட்டால் டாக்டர் பானர்ஜி. நம்பர் சுவரில் இருக்கிறது.

காபியில் சுக்கு தட்டிப் போட வேண்டும். லேக் மார்க்கெட் சுக்குதான் வேண்டும் என்பாள், இங்கே வாங்கியதையே லேக் மார்க்கெட் என்று சொல்லிக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். சாவி மாஷிமாவிடம். நான் கிளம்பிய பிறகு நீங்கள் வரும்வரை அவள்தான் அம்மாவோடு படுத்துக்கொள்வாள்.

உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இப்பம்தான் ஒழுங்காப் பேசுதான்" என்றாள்.

இந்தக் குறிப்பு நீங்கள் கேட்டதால் எழுதியது இல்லை. கேட்காவிட்டாலும் எப்படியும் எழுதி வைத்திருப்பேன்.

வசந்தி